கன்று ஈனுவதற்கு முன்னும் பின்னும்: கலப்பினக் கறவை மாட்டின் தீவனமும் உடல்நலமும்

மூன்றாவது ஈற்றில் கன்று போட்ட கலப்பின ஜெர்சி மாடு மறுநாள் காலையில் எழ முடியாமல் படுத்துவிடுகிறது. இன்னொரு மாட்டுக்கு நஞ்சுக்கொடி விழவில்லை. வேறொன்று பத்துப் பதினைந்து நாள் நன்றாகக் கறந்துவிட்டுத் திடீரெனத் தவிட்டையும் புண்ணாக்கையும் முகர்ந்து பார்த்து விலகி நிற்கிறது. இவை தனித்தனி நோய்களாகத் தெரிந்தாலும், பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கன்று ஈனுவதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் அந்த மாடு எதைத் தின்றது, எப்படிப் பராமரிக்கப்பட்டது என்பதில்தான் இருக்கிறது. பால் கறக்காத மாட்டுக்குத் தீவனச் செலவு எதற்கு என்று கருதிச் சினைமாட்டை வெறும் வைக்கோலில் கட்டிப்போடும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் மாறவில்லை. அந்த இரண்டு மாதச் சிக்கனம் அடுத்த பத்து மாதக் கறவையைத் தின்றுவிடும் என்பதால், இந்த வழிகாட்டி பால் வற்ற வைக்கும் நாளில் தொடங்கி, மறுபடியும் சினை பிடிக்கும் வரையிலான காலத்தை வரிசையாக எடுத்துக்கொள்கிறது. இங்கே சொல்லப்படும் அளவுகள் 350 முதல் 400 கிலோ வரை எடையுள்ள, நாளொன்றுக்கு 10 முதல் 15 லிட்டர் வரை கறக்கும் கலப்பின மாட்டை மனத்தில் வைத்துத் தரப்பட்டவை.

முதல் படி: பால் வற்ற வைத்தல்

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். சினை ஊசி போட்ட தேதியைக் குறித்து வைத்திருந்தால் கன்று ஈனும் தேதியைக் கணக்கிட்டு, அதற்கு 60 நாள் முன்னதாகப் பால் கறப்பதை நிறுத்திவிட வேண்டும். ஏழு மாதச் சினையிலும் ஐந்து லிட்டர் கறக்கிறதே என்று ஒன்பதாம் மாதம் வரை கறப்பவர்கள் உண்டு. கருவில் உள்ள கன்றின் வளர்ச்சியில் பெரும்பங்கு கடைசி இரண்டு, மூன்று மாதங்களில்தான் நடக்கிறது; மடியில் பால் சுரக்கும் திசுக்கள் புதுப்பிக்கப்படுவதும் இந்த ஓய்வில்தான். ஓய்வு 40 நாளுக்குக் குறைந்தால் அடுத்த ஈற்றில் பால் குறைவது உறுதி. அதேபோல் ஓய்வு மூன்று, நான்கு மாதமாக நீண்டால் மாடு கொழுத்துப்போய்ப் பின்னால் சொல்லப்போகும் கீட்டோன் நோய்க்கு வழி பிறக்கும்.

குறைவாகக் கறக்கும் மாட்டில் ஒரே நாளில் கறவையை நிறுத்திவிடலாம். அதிகம் கறக்கும் மாடாக இருந்தால் ஒரு வாரத்துக்கு முன்பே அடர்தீவனத்தையும் (தானியம், புண்ணாக்கு, தவிடு சேர்ந்த கலவை) பசுந்தீவனத்தையும் குறைத்து வைக்கோலைக் கூட்ட வேண்டும். கடைசிக் கறவையில் மடியை முழுவதுமாகக் கறந்தெடுத்து, ஒவ்வொரு காம்பின் நுனியையும் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து, கறவை வற்றும் காலத்துக்கென்றே உள்ள மடிநோய் மருந்துக் குழாயை நான்கு காம்பிலும் செலுத்தும்படி கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொள்ளலாம். அதன் பிறகு மடி விம்மினாலும் கறக்கக் கூடாது. மூன்று நான்கு நாள் மடியில் தேங்கும் பாலின் அழுத்தமே சுரப்பை நிறுத்துகிறது. பாவமாக இருக்கிறது என்று கொஞ்சம் கறந்துவிட்டால், அந்த வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மடி சிவந்து, சூடாகி, தொட்டால் மாடு உதைக்கும் நிலை வந்தால் மட்டும் மருத்துவரை அழைக்க வேண்டும்.

வற்றிய முதல் ஐந்து வாரத்துக்கு 15 கிலோ பசுந்தீவனம், 5 முதல் 6 கிலோ வைக்கோல் அல்லது சோளத்தட்டு, 1 முதல் 1.5 கிலோ அடர்தீவனம், 30 கிராம் தாது உப்புக்கலவை ஆகியவை போதும். பசுந்தீவனத்தை அறவே நிறுத்தக் கூடாது. நெல் வைக்கோலில் உயிர்ச்சத்து ஏ கிடையாது, புரதமும் மிகக் குறைவு. வைக்கோலை மட்டுமே தின்ற மாட்டின் கன்று கண்பார்வைக் குறையோடும் நோஞ்சானாகவும் பிறக்கக்கூடும்.

இந்தச் சமயத்தில் மாட்டின் உடல்வாகைப் பக்கவாட்டில் நின்று ஒருமுறை கவனமாகப் பார்ப்பது நல்லது. கடைசி ஒன்றிரண்டு விலா எலும்புகள் லேசாகத் தெரிய வேண்டும். இடுப்பெலும்பின் முனை கைக்குத் தட்டுப்பட வேண்டும், ஆனால் குத்திக்கொண்டு நிற்கக் கூடாது. வாலடியின் இருபுறமும் கொழுப்பு திரண்டு குழி மூடியிருந்தால் மாடு கொழுத்துவிட்டது என்று பொருள். கொழுத்த மாட்டைச் சினையின் கடைசி மாதத்தில் இளைக்க வைக்க முயல்வது ஆபத்தானது. அப்போது உடல் கொழுப்பு கரைந்து ஈரலில் படிகிறது. எனவே எடையைச் சரிசெய்யும் வேலை எதுவானாலும் மாடு கறவையில் இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும்.

இரண்டாம் படி: கடைசி மூன்று வாரம்

என்னைக் கேட்டால் ஒரு ஈற்றின் வெற்றி தோல்வியில் பாதிக்கு மேல் இந்த 21 நாளில்தான் அடங்கியிருக்கிறது. கன்று வயிற்றை அடைத்துக்கொள்வதாலும், சுரப்பிகளின் மாற்றத்தாலும் மாடு தின்னும் அளவு இந்த நாட்களில் தானாகவே குறைகிறது. தேவையோ கூடிக்கொண்டே போகிறது. ஆகவே கொஞ்சமாகத் தின்றாலும் சத்துள்ளதாகத் தின்ன வேண்டும்.

அடர்தீவனத்தை 1.5 கிலோவில் தொடங்கி, மூன்று வாரத்தில் 3 கிலோ வரை படிப்படியாக உயர்த்த வேண்டும். கன்று ஈன்ற பிறகு எந்தக் கலவையைத் தரப்போகிறீர்களோ அதையே இப்போதும் தர வேண்டும் என்பது முக்கியம். மாட்டின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிரிகள்தான் தீவனத்தைச் செரிக்கின்றன. நார்த்தீவனத்தைச் செரிப்பவை வேறு, மாவுச்சத்தைச் செரிப்பவை வேறு. வைக்கோலுக்குப் பழகிய வயிறு தானியக் கலவைக்குத் தயாராக இரண்டு மூன்று வாரம் ஆகும். அந்த அவகாசத்தைத் தராமல், கன்று போட்ட அன்றே ஆறு கிலோ அடர்தீவனத்தை முன்னால் வைத்தால் வயிறு புளித்து, கழிச்சலும் பசியின்மையும் வரும்.

அடுத்தது சுண்ணாம்புச் சத்து. இதில்தான் நல்ல எண்ணத்தோடு செய்யும் தவறு அதிகம் நடக்கிறது. கன்று ஈனும் முன்பே கால்சியம் டானிக் வாங்கி நாள்தோறும் ஊற்றுபவர்கள், அது பால் காய்ச்சலை, அதாவது ஈன்ற மாடு இரத்தத்தில் கால்சியம் குறைந்து விழுந்துவிடும் நோயை, தடுக்கும் என்று நம்புகிறார்கள். நடப்பது அதற்கு நேர்மாறானது. ஒரு லிட்டர் சீம்பாலில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. முதல் நாளில் 10 லிட்டர் சீம்பால் சுரந்தால் 20 கிராம் கால்சியம் மடிக்குப் போகிறது. மாட்டின் இரத்தத்தில் ஒரு நேரத்தில் ஓடிக்கொண்டிருப்பதோ சில கிராம் மட்டுமே. இந்தப் பற்றாக்குறையை எலும்பிலிருந்து எடுத்தும், குடலில் கூடுதலாக உறிஞ்சியும் ஈடுகட்டும் திறன் உடலுக்கு உண்டு. ஆனால் அந்தத் திறனை இயக்கும் சுரப்பி, கால்சியம் தாராளமாகக் கிடைக்கும்போது சோம்பிவிடுகிறது. மறுபடி விழித்துக்கொள்ள இரண்டு மூன்று நாள் ஆகிறது. அதற்குள் மாடு விழுந்துவிடும்.

எனவே கடைசி மூன்று வாரம் கால்சியம் டானிக்கை நிறுத்திவிட வேண்டும். வேலிமசால், குதிரைமசால், அகத்தி போன்ற சுண்ணாம்புச் சத்து மிகுந்த பயறுவகைத் தீவனங்களைக் குறைத்து, கம்பு நேப்பியர் அல்லது மக்காச்சோளத் தட்டைத் தர வேண்டும். தாது உப்புக்கலவையை 30 கிராம் அளவில் தொடரலாம். அதில் உள்ள மக்னீசியம், தாமிரம், துத்தநாகம், செலினியம் ஆகியவை இப்போது தேவை. முந்தைய ஈற்றில் பால் காய்ச்சல் கண்ட மாடு என்றால், கன்று ஈனும் முன் தரக்கூடிய சிறப்பு உப்புக்கலவைகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுச் செய்வது நல்லது. தலைச்சன் கிடேரிகளுக்கு மடியும் தொப்புள் பகுதியும் நீர் கோத்து வீங்குவது வழக்கம். அவற்றுக்குச் சாப்பாட்டு உப்பைக் குறைத்து, தினமும் கொஞ்ச தூரம் நடக்கவிட்டால் வீக்கம் மட்டுப்படும். வீக்கத்துக்குப் பயந்து கன்று ஈனும் முன்பே கறந்துவிட்டால் கன்றுக்குச் சேர வேண்டிய சீம்பால் வீணாகிவிடும்.

இடமும் இப்போதே மாற வேண்டும். வழுக்காத, காய்ந்த, வைக்கோலோ மணலோ பரப்பிய தனி இடத்தில், கண்ணில் படும் தூரத்தில் மாட்டைக் கட்டுங்கள். கயிறு நீளமாக இருக்கட்டும். குடற்புழு நீக்கம் செய்யாமல் விட்டிருந்தால், சினைமாட்டுக்குப் பாதுகாப்பான மருந்து எது என்று கேட்டுத் தர வேண்டும். எல்லாக் குடற்புழு மருந்தும் சினையின் எல்லாக் கட்டத்துக்கும் ஏற்றதல்ல.

மூன்றாம் படி: கன்று ஈனும் நாள்

வாலடியின் இருபுறமும் உள்ள தசைநார் தளர்ந்து குழி விழும். அறை (பிறப்புறுப்பு) தடித்துத் தொங்கும். கண்ணாடி போன்ற கோழை வழியும். காம்பு விறைத்துப் பளபளக்கும். மாடு படுத்தும் எழுந்தும் நிலைகொள்ளாமல் இருக்கும் முதல் கட்டம் இரண்டு முதல் ஆறு மணி நேரம் வரை நீடிக்கலாம். தண்ணீர்க்குடம் வெளியே தெரிந்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள், தலைச்சன் கிடேரியாக இருந்தால் இன்னும் சற்றுக் கூடுதல் நேரத்துக்குள், கன்று வெளியே வந்துவிட வேண்டும்.

சரியான நிலையில் முதலில் தெரிவது குளம்படி கீழ்நோக்கிய இரண்டு முன்னங்கால்களும், அவற்றின்மேல் படிந்த மூக்கும். ஒரே ஒரு கால் மட்டும் தெரிந்தாலோ, கால்கள் வந்து தலை வராவிட்டாலோ, வால் மட்டும் தெரிந்தாலோ, தண்ணீர்க்குடம் உடைந்து ஒரு மணி நேரமாகியும் முன்னேற்றம் இல்லாவிட்டாலோ காத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ, 1962 என்ற கட்டணமில்லா எண்ணையோ அழையுங்கள். நாலு பேர் சேர்ந்து கயிறு கட்டி இழுத்துக் கருப்பை கிழிந்த பிறகு மருத்துவர் வந்து செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

கன்று விழுந்ததும் மூக்கிலும் வாயிலும் உள்ள சளியைத் துடைத்து, தாயை நக்கவிட வேண்டும். தொப்புள்கொடியை உடலிலிருந்து இரண்டு அங்குலம் விட்டுச் சுத்தமான நூலால் கட்டி, அதற்குக் கீழே வெட்டி, டிங்சர் அயோடின் தடவ வேண்டும். அதன் பிறகு சீம்பால். நஞ்சுக்கொடி விழும் வரை கன்றுக்குப் பால் விடக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லி வருவது இன்றும் பல வீடுகளில் கடைப்பிடிக்கப்படுகிறது. அது தவறு. கன்று தாயின் வயிற்றில் இருக்கும்போது நோய் எதிர்ப்புப் பொருள் எதுவும் அதன் இரத்தத்துக்குப் போவதில்லை. சீம்பால் வழியாகத்தான் போக வேண்டும். அதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும் திறன் கன்றின் குடலுக்குப் பிறந்த முதல் சில மணி நேரத்தில்தான் உச்சத்தில் இருக்கும். ஒரு நாளில் அது மூடிக்கொள்ளும். ஆகவே பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் சீம்பாலும், முதல் நாளுக்குள் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கும் உள்ளே போயிருக்க வேண்டும். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், மூன்று நான்கு தடவையாக. கன்று மடியை முட்டிக் குடிக்கும்போது தாயின் உடலில் சுரக்கும் ஆக்சிடோசின் கருப்பையைச் சுருங்கச் செய்வதால், நஞ்சுக்கொடி விழுவதற்கும் அது உதவியே தவிரத் தடையல்ல.

தாய்க்கு வெதுவெதுப்பான தண்ணீரில் தவிடும் ஒரு கைப்பிடி உப்பும் கரைத்து, குடிக்கும் மட்டும் வையுங்கள். ஈன்ற களைப்பில் மாடு இருபது லிட்டருக்கு மேலும் குடிக்கும்.

நஞ்சுக்கொடி பெரும்பாலும் எட்டு மணி நேரத்துக்குள் விழுந்துவிடும். பன்னிரண்டு மணி நேரம் தாண்டினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கல் கட்டித் தொங்கவிடுவதும், கையால் பிடித்து இழுப்பதும் வேண்டாம். உள்ளே பிய்ந்து தங்கும் துண்டு அழுகி, கருப்பை சீழ் பிடித்து, மாடு பல மாதம் சினை பிடிக்காமல் போகும். மாட்டுக்கு 103 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல் இருந்தாலோ, துர்நாற்றத்துடன் கசிவு இருந்தாலோ அன்றே சிகிச்சை தேவை. விழுந்த கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவது நம் பக்கத்து வழக்கம். பால் வடியும் மரம்போல மாட்டுக்கும் பால் சுரக்க வேண்டும் என்ற ஆசையில் பிறந்த அழகான வழக்கம் அது. ஆனாலும் கருச்சிதைவான மாட்டின் கொடியையும் கன்றையும் அப்படிச் செய்யக் கூடாது. புருசெல்லா என்னும் கருச்சிதைவு நோய் மனிதருக்கும் பரவும். கையுறை அணிந்து எடுத்து, ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும்.

நான்காம் படி: முதல் மூன்று நாள், பால் காய்ச்சல்

மூன்றாவது ஈற்றிலிருந்து பால் காய்ச்சலின் ஆபத்து கூடுகிறது. ஜெர்சி கலப்பினத்தில் இன்னும் அதிகம். முதலில் மாடு பின்னங்காலை மாற்றி மாற்றி வைக்கும், தசை துடிக்கும், தீவனம் எடுக்காது. அடுத்துப் படுத்துவிடும். காது நுனியைத் தொட்டால் சில்லென்று இருக்கும், மூக்கு வறண்டிருக்கும், சாணம் வராது, கழுத்தை வளைத்துத் தலையை விலாவின்மேல் வைத்துக்கொள்ளும். இந்தத் தோற்றத்தைக் கண்டால் நேரத்தைக் கடத்தக் கூடாது. உடல் வெப்பம் இயல்பாகவோ அதற்குக் கீழோதான் இருக்கும் என்பதால், காய்ச்சல் மாத்திரையால் பயனில்லை. மூன்றாம் கட்டத்தில் மாடு ஒருபக்கமாகச் சரிந்து, வயிறு உப்பி, சில மணி நேரத்தில் இறந்துவிடும்.

மருத்துவர் வரும் வரை செய்ய வேண்டியது ஒன்றுதான். மாட்டை நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி உட்கார வைத்து, இருபுறமும் வைக்கோல் மூட்டையை அண்டக் கொடுக்க வேண்டும். வாயில் எதையும் ஊற்றவே கூடாது. விழுங்கும் தசைகள் செயலிழந்திருக்கும் நேரத்தில் மூங்கில் குழாயிலோ பாட்டிலிலோ ஊற்றிய மருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது. கால்சியம் ஏற்றிப் பிழைத்த மாடு ஐந்தாம் நாள் நிமோனியாவில் சாவதற்கு இதுவே காரணம். இரத்தநாளம் வழியாகக் கால்சியம் போரோகுளுக்கோனேட் ஏற்றுவதை, இதயத் துடிப்பைக் கவனித்தபடி மெதுவாக மருத்துவரே செய்ய வேண்டும். ஏற்றிக்கொண்டிருக்கும்போதே மாடு ஏப்பம் விட்டு, சாணம் போட்டு, எழுந்து நிற்பதைக் காணலாம். ஒரு நாளுக்குள் மறுபடி விழவும் வாய்ப்பிருப்பதால் அன்றிரவு கண்காணிப்பு தேவை.

ஈன்ற பிறகு கால்சியம் தருவது தவறில்லை, தேவையும்கூட. நன்றாக நின்று, விழுங்கும் நிலையில் உள்ள மாட்டுக்கு ஈன்ற அன்றும் மறுநாளும் வாய்வழிக் கால்சியம் ஜெல் தரலாம். முன்னர் நிறுத்திய அகத்தியையும் வேலிமசாலையும் இப்போது திரும்பக் கொடுக்கலாம்.

ஐந்தாம் படி: கறவைத் தீவனம்

கணக்கு எளிமையானது. உடல் பராமரிப்புக்கு 1.5 கிலோ அடர்தீவனம். அதற்கு மேல் கறக்கும் ஒவ்வொரு 2.5 லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. 14 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு 1.5 கிலோவும் 5.6 கிலோவும் சேர்த்து ஏறத்தாழ 7 கிலோ வரும். எருமைப் பாலில் கொழுப்பு அதிகம் என்பதால் அதற்கு இரண்டு லிட்டருக்கு ஒரு கிலோ. ஈன்ற அன்று 3 கிலோவில் நிற்கும் மாட்டை, இரண்டு நாளுக்கு ஒருமுறை அரைக்கிலோ கூட்டி, இரண்டு மூன்று வாரத்தில் இந்த அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு வேளைக்கு இரண்டு, இரண்டரை கிலோவுக்கு மேல் வைக்காமல் மூன்று வேளையாகப் பிரிப்பது வயிற்றுக்கு நல்லது. அடர்தீவனத்துக்கு முன்னால் கொஞ்சம் தட்டோ வைக்கோலோ தின்னவிட வேண்டும்.

வீட்டிலேயே கலக்க விரும்புவோர் 100 கிலோவுக்கு மக்காச்சோளம் அல்லது கம்பு, சோளம் போன்ற தானியம் 37 கிலோ, கடலைப் புண்ணாக்கும் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் சேர்த்து 30 கிலோ, கோதுமை அல்லது அரிசித் தவிடும் உளுந்துப் பொட்டும் சேர்த்து 30 கிலோ, தாது உப்புக்கலவை 2 கிலோ, சோற்றுப்பு 1 கிலோ என்று சேர்க்கலாம். தானியத்தை ரவை பதத்துக்கு உடைத்தால் போதும், மாவாக அரைக்கக் கூடாது. கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை வாடையோ கருமையோ தெரிந்தால் விலை மலிவென்று வாங்காதீர்கள். அதில் உள்ள அஃப்ளாடாக்சின் நஞ்சு ஈரலைக் கெடுப்பதோடு, பாலிலும் கலந்து குடிப்பவருக்குப் போய்ச் சேர்கிறது.

பசுந்தீவனம் 20 முதல் 25 கிலோ. இதில் மூன்றில் இரண்டு பங்கு கோ 4, கோ 5 போன்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் அல்லது கோ எஃப்.எஸ். 29 சோளமாகவும், மீதி வேலிமசால், அகத்தி, சூபாபுல் போன்ற பயறுவகையாகவும் இருக்கலாம். ஒட்டுப்புல்லை முற்றவிடாமல் அறுத்து, நறுக்கிப் போட்டால் கழிவு குறையும். சோளத்தைப் பூக்கும் முன்பு, குறிப்பாக மழையின்றி வாடி நிற்கும் இளம் பயிரை, மாட்டைத் தின்னவிடக் கூடாது. நாமக்கல், சேலம் பகுதிகளில் மரவள்ளி இலைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அவற்றில் உள்ள சயனைடு சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கும். வைக்கோல் 4 முதல் 5 கிலோ.

பாலில் ஏறத்தாழ 87 சதவீதம் தண்ணீர். 14 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு வெயில் காலத்தில் 80 லிட்டருக்குக் குறையாமல் சுத்தமான தண்ணீர் வேண்டும். காலையும் மாலையும் காட்டுவதைவிட, எந்நேரமும் எட்டும்படி வைத்தால் பால் கூடுவதை ஒரு வாரத்திலேயே பார்க்கலாம். செலவில்லாமல் பாலைக் கூட்டும் வழி எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அடர்தீவனத்தைத் தண்ணீரில் கரைத்துக் கழுநீரோடு குடிக்க வைப்பது நம் வழக்கம். இதை மாற்றிக்கொள்வது நல்லது. மெல்லாமல் விழுங்கும் தீவனத்தோடு உமிழ்நீர் சேர்வதில்லை. வயிற்றுப் புளிப்பை இயற்கையாக ஆற்றுவது உமிழ்நீரில் உள்ள சோடா உப்புதான்; அசை போடும் மாட்டுக்கு அது நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கும் மேல் சுரக்கிறது. தீவனத்தில் தண்ணீர் தெளித்துப் புட்டுப் பதத்தில் வைத்து, குடிநீரைத் தனியாகக் காட்டுங்கள். சோறு, பொங்கல், பழக்கழிவு இவற்றையும் அளவோடு நிறுத்துங்கள். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கால்நடை மருந்தகங்களில் வயிறு கல்லாகி, அசை போடாமல், புளித்த நாற்றத்தோடு கழியும் மாடுகள் வரிசையில் நிற்பதை ஆண்டுதோறும் காண்கிறோம். படையலில் ஒரு கைப்பிடியை மாட்டுக்கு ஊட்டுவது மரியாதை. மீந்த பானையை முழுவதுமாக முன்னால் வைப்பது அதன் உயிரோடு விளையாடுவது.

ஆறாம் படி: கீட்டோன் நோயைக் கண்டுகொள்ளுதல்

ஈன்ற ஆறு முதல் எட்டு வாரத்தில் பால் உச்சத்துக்குப் போய்விடும். ஆனால் மாடு தின்னும் அளவு உச்சத்துக்குப் போகப் பத்து முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இடைப்பட்ட காலத்தில் மாடு தன் உடல் கொழுப்பைக் கரைத்துத்தான் கறக்கிறது. கரைப்பது அளவை மீறும்போது இரத்தத்தில் கீட்டோன் சேர்கிறது. இதன் அடையாளம் தனித்தன்மை உடையது: மாடு முதலில் அடர்தீவனத்தை மறுக்கும், ஆனால் வைக்கோலைத் தின்னும். சாணம் இறுகி, மேலே சளிபோலப் பளபளப்பு தெரியும். மூச்சிலும் பாலிலும் அழுகிய பழம் போன்ற இனிப்பு வாடை வீசும். பால் சட்டென்று இறங்கும், மாடு நாளுக்கு நாள் இளைக்கும். சில மாடுகள் சுவரையும் தொட்டியையும் ஓயாமல் நக்கும்.

இதற்கு வெல்லத்தைக் கிலோக்கணக்கில் கரைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. வெல்லம் இரத்தத்துக்குப் போவதற்கு முன்பே முதல் வயிற்றின் நுண்ணுயிரிகள் அதைப் புளிக்க வைத்துவிடுவதால் பயன் சொற்பம், வயிறு கெடுவது மிச்சம். மருத்துவர் இரத்தநாளம் வழியாக டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றுவார். தொடர்ந்து சில நாள் புரோபிலீன் கிளைக்கால் வாய்வழியாகத் தரச் சொல்வார். தடுப்பு வேலை முன்பே தொடங்கிவிட்டது. கொழுக்காமல் ஈன்ற மாடு, பழகிய கலவையைத் தின்னும் மாடு, தண்ணீர் தட்டுப்படாத மாடு இந்த நோயில் அரிதாகவே விழும்.

ஏழாம் படி: மடியைக் காத்தல்

ஒவ்வொரு கறவையிலும் முதல் இரண்டு பீச்சலைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் எடுத்துப் பாருங்கள். திரிதிரியாகவோ, நீர்த்தோ, இரத்தம் கலந்தோ வந்தால் மடிநோய் தொடங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத மறைமுக மடிநோய்தான் அதிக நட்டத்தைத் தருவது. கால்நடை மருந்தகத்தில் மறைமுக மடிநோய்ச் சோதனைக் கரைசல் கொண்டு மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். கட்டைவிரலை மடக்கிக் காம்பை நெருக்கிக் கறப்பது உள்தசையைக் காயப்படுத்தும், முழுக்கையால் அழுத்திக் கறக்க வேண்டும். கறந்து முடித்ததும் காம்புகளை அயோடின் கரைசலில் நனைத்து, உடனே தீவனம் வைத்து, அரைமணி நேரம் மாட்டை நிற்க வைக்க வேண்டும். கறந்தவுடன் காம்புத் துளை மூட அவ்வளவு நேரமாகும். அதற்குள் மாடு சாணத்தில் படுத்தால் கிருமி நேராக உள்ளே போகும். நோயுள்ள மாட்டைக் கடைசியாகக் கறக்க வேண்டும்.

மடி வீங்கிச் சூடாக இருந்தால் மருத்துவரை அழைப்பதோடு, சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் மூன்றையும் விழுதாக அரைத்து, ஒரு கைப்பிடியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, பாலை முழுவதும் கறந்துவிட்டு, மடி முழுவதும் நாளுக்கு எட்டுப் பத்து முறை தடவலாம். மரபுவழிக் கால்நடை மருத்துவ ஆய்வாளர் முனைவர் புண்ணியமூர்த்தி பரப்பிய இந்த மரபுவழி முறையைத் தேசியப் பால்வள வாரியமும் பரிந்துரைக்கிறது. விழுதைத் தினமும் புதிதாக அரைத்து, ஐந்து நாளாவது தொடர வேண்டும். நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்டிருந்தால் மருத்துவர் சொல்லும் நாள் வரை அந்தப் பாலைச் சங்கத்துக்கு ஊற்றக் கூடாது.

வேறு சில அறிகுறிகள்

ஈன்ற இரண்டு முதல் நான்கு வாரத்தில் சிறுநீர் காபி நிறத்தில் போனால், அது பாஸ்பரஸ் குறைபாடாகவோ உண்ணி மூலம் பரவும் இரத்த ஒட்டுண்ணி நோயாகவோ இருக்கலாம். காய்ச்சல் இருந்தால் இரண்டாவதாக இருக்கும் வாய்ப்பு அதிகம். கழுத்தடியில் நெறி கட்டி, கடுங்காய்ச்சலோடு மூச்சிரைத்தால் உண்ணி மூலம் பரவும் தைலேரியா நோய் என்று சந்தேகிக்க வேண்டும். கலப்பின மாடுகள் இதற்கு எளிதில் பலியாகின்றன. உண்ணி மருந்தை மாட்டுக்குத் தெளித்தால் மட்டும் போதாது. தொழுவத்துச் சுவர் வெடிப்பையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். கோமாரி நோய்த் தடுப்பூசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் போட வேண்டும். பிறந்தது கிடேரிக் கன்றாக இருந்தால், 4 முதல் 8 மாத வயதுக்குள் ஒரே ஒரு முறை புருசெல்லா தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். காளைக் கன்றுக்கு அது கிடையாது.

எட்டாம் படி: மறுபடியும் சினைக்கு

கருப்பை சுருங்கிப் பழைய நிலைக்கு வர ஏறத்தாழ 40 நாளாகும். ஈன்ற 45 நாளிலிருந்து பருவ அறிகுறிகளைக் காலையும் மாலையும் கவனித்து, 60 நாளுக்கு மேல் வரும் பருவத்தில் சினை ஊசி போடலாம். கத்துதல், பிற மாட்டின்மேல் தாவுதல், கண்ணாடிபோல் கோழை ஒழுகுதல், அடிக்கடி சிறுநீர் விடுதல் ஆகியவை வழக்கமான அறிகுறிகள். காலையில் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போட வேண்டும். கோழை வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் அது கருப்பைச் சீழ். அந்தப் பருவத்தில் ஊசி போடாமல் முதலில் சிகிச்சை அளிக்க வேண்டும். ஊசி போட்ட 18 முதல் 24 நாள் வரை கவனித்து, பருவம் திரும்பாவிட்டால், இரண்டிலிருந்து மூன்று மாதத்துக்குள் சினைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பருவம் திரும்பவில்லை என்பதை மட்டும் நம்பி, ஆறு மாதம் கழித்து வெறும் மாடு என்று அறிபவர்கள் பலர்.

ஈன்று 90 நாளாகியும் பருவமே காட்டாத மாட்டையும், மூன்று முறை ஊசி போட்டும் சினை பிடிக்காத மாட்டையும் விற்றுவிட முடிவெடுக்கும் முன், கடந்த இரண்டு மாதத்தில் அது எவ்வளவு இளைத்தது என்பதையும், தாது உப்புக்கலவை தினமும் 50 கிராம் கிடைத்ததா என்பதையும் பாருங்கள். இளைத்த மாட்டின் சினைப்பை வேலை செய்யாது; அடர்தீவனத்தைச் சரிசெய்து, ஒரு மாதம் தாது உப்பைத் தவறாமல் கொடுத்து, குடற்புழு நீக்கம் செய்த பிறகும் பருவம் வராவிட்டால்தான் கருப்பைப் பரிசோதனைக்கும் ஹார்மோன் சிகிச்சைக்கும் போக வேண்டும்.